அணி இலக்கணம் பயில்வோம்: செக்குமாடும் பூசாவும்



நான் தமிழை முறையாகக் கற்றவன் அல்லன். பொறியியலில் டிப்ளமா பெற்று, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். மைசூரில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். சென்ற மாதம் அணி இலக்கணம் நடத்தியபோது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "தாத்தா, உவமை எல்லாம் பாட்டு அழகா இருக்கத்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பிய பிறகுதான் அந்த விடை அரைகுறை என்று பட்டது. ஒருவன் யார் என்று சொல்லவும், அவனைத் தாழ்த்தவும், தாழ்த்தப்பட்டவன் தலை நிமிரவும் இதே அணிகள்தாம் பயன்படுகின்றன. முழு விடையை நான்கு பாடங்களாக இங்கே எழுதுகிறேன். பெற்றோர்கள் பிள்ளைகளுடன் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

1. உவமை

ஒன்றைப் போல மற்றொன்று என்பது உவமை. தொல்காப்பியர் இதற்கென்றே உவமவியல் என ஓர் இயல் வகுத்தார். செயல், பயன், வடிவம், நிறம் என்ற நான்கில் ஏதேனும் ஒன்றில் ஒப்புமை இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பாரதியார் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் அங்கே கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் சென்றனர். அந்தப் பெண்களின் உழைப்புக்குப் பாரதியார் தேர்ந்த உவமை செக்குமாடு.

மாடு என்றால் ஏர் மாடும் உண்டு, வண்டி மாடும் உண்டு. செக்குமாட்டை ஏன் எடுத்தார்? ஏர் மாட்டுக்கு உழுது முடிந்த வயல் உண்டு. வண்டி மாட்டுக்குப் போய்ச் சேரும் ஊர் உண்டு. செக்குமாடு நாள் முழுவதும் நடந்தாலும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். எண்ணெய் வேறொருவருக்குப் போகும். தொல்காப்பியர் கணக்கில் இது செயலால் அமைந்த உவமை. பெண்கள் மாடு போல் இருக்கிறார்கள் என்று கவிஞர் சொல்லவில்லை. மாடு போல் உழைக்க வைக்கப்படுகிறார்கள் என்று சொல்லி மனம் கொதிக்கிறார். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

2. உருவகம்

'போல' என்ற சொல்லை நீக்கிவிட்டு, இதுவே அது என்று சொன்னால் உருவகம். இதற்கு நம் மைசூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது 1973 நவம்பர் 1ஆம் தேதி. அதே மாதம் மைசூரில் நடந்த ஒரு கூட்டத்தில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்றார். பூசா என்றால் மாட்டுக்குப் போடும் தவிடு. மாநிலம் கொந்தளித்தது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர் அமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஆனால் அந்தச் சொல்லே இளைஞர்களைத் திரட்டியது. கர்நாடகத்தின் தலித் இயக்கமும், 1979இல் அமைப்பாக உருவான 'பண்டாய' என்னும் எதிர்ப்பு இலக்கியமும் வளர்ந்ததற்கு அந்த நிகழ்ச்சி ஒரு தூண்டுகோல் என்பார்கள்.

ஓர் உருவகம் ஏன் இத்தனை சுட்டது? தானியத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், எங்களுக்கு மிஞ்சியது தவிடு என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. எங்களை மாடாகவே வைத்திருந்தீர்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. இவ்வளவையும் ஒரே சொல் சுமந்தது.

உருவகத்துக்கு ஒரு குறையும் உண்டு. 'போல' இல்லாததால் அது எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கிவிடும். வசன மரபில், தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தில் பிறந்த மாதார சென்னய்யாவும் இருந்தார். 'பெரும்பகுதி' என்ற சொல்லை மறந்து, எல்லாமே தவிடு என்று எடுத்துக்கொண்டால் அவருடைய குரலும் தவிட்டோடு போய்விடும். ஆகவே உருவகத்தைக் கேட்டுச் சினம் கொள்வதற்கு முன், அது எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

3. ஆகுபெயர்

'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள். இது இடவாகுபெயர். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்னும்போது அந்த ஊரில் யார் யார் அடக்கம் என்று நாம் கேட்டதுண்டா? சேரியில் இருந்தவர்களை அந்தச் சொல் கணக்கில் எடுத்ததில்லை.

கன்னடக் கவிஞர் சித்தலிங்கையா தம் வாழ்க்கை வரலாற்றுக்கு 'ஊரு கேரி' என்றே பெயர் வைத்தார். பாவண்ணன் அதைத் தமிழில் 'ஊரும் சேரியும்' என்று மொழிபெயர்த்தார். நம் செவி கன்னடத்தில் கிவி ஆவதுபோல், நம் சேரியும் அவர்கள் கேரியும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். மொழி பிரிந்த பிறகும் இந்தப் பிரிவினை இரண்டு பக்கமும் தொடர்ந்து வந்திருக்கிறது.

1975இல் வெளிவந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயர் 'ஹொலெமாதிகர ஹாடு'. ஹொலெயர், மாதிகர் என்னும் குலப்பெயர்களைப் பிறர் வசைச்சொல்லாக வீசிவந்தார்கள். அவற்றையே அவர் நூலின் முகப்பில் அச்சிட்டார். பிறர் வீசும்போது வசையாக இருந்த பெயர், உரியவரே சொல்லும்போது முகவரியாகிவிட்டது. 2021இல் அவர் காலமானார்.

4. பிறிதுமொழிதல்

சொல்ல வந்ததைச் சொல்லாமல் உவமையை மட்டும் சொல்லி நிறுத்துவது பிறிதுமொழிதல். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர் வாக்கு இதற்குப் பாடநூல் தரும் உதாரணம். அங்கே அரசனும் இல்லை, பகையும் இல்லை. வண்டி மட்டுமே இருக்கிறது. நேராகப் பேச முடியாத இடத்தில் இருப்பவனுக்கு இது பெரிய துணை.

இந்த அணியை நான் புத்தகத்தில் கற்பதற்கு முன்பே தண்டவாளத்தில் கற்றேன். 1980களின் தொடக்கம். புதிதாக வேலையில் சேர்ந்த துடுக்கு எனக்கு. ஒரு நாள் வெயிலில் ஜல்லி இடிக்கும் வேலை. வயதான கேங்மேன் ஒருவர், நம் தமிழ் நாட்டுக்காரர்தான், சற்று நின்று மூச்சு வாங்கினார். "என்னய்யா, மாடு மாதிரி நிக்கிறே?" என்று எல்லோர் முன்னும் கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே குனிந்து பீட்டரை எடுத்துக்கொண்டே, "மாட்டுக்கு வருஷத்துல ஒரு நாள் பொங்கலாவது வெக்கிறாங்க, சார்" என்றார்.

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, தம்மைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. மாட்டைப் பற்றி மட்டுமே பேசினார். அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதிகாரி என்ற நினைப்பு தடுத்தது. சில மாதங்களில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இங்கே சங்கராந்தி மாலையில் மாடுகளை அலங்கரித்து நெருப்பைத் தாண்ட வைக்கும் 'கிச்சு ஹாயிசுவுது' நடக்கும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் விழுகிறது.

இப்போது சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். பாரதியார் சொன்னதும் மாடு, நான் சொன்னதும் மாடு, அந்தப் பெரியவர் சொன்னதும் மாடு. உவமானம் மூன்றிலும் ஒன்றே. முதலாவது பிறர் வலியைத் தன் வலியாக எண்ணியவர் சொன்னது. இரண்டாவது மேலே நின்றவன் கீழே இருந்தவர்மேல் வைத்தது. மூன்றாவது, தன்மேல் வைத்ததை எடுத்துத் திருப்பிக் காட்டியது. ஆகவே அணியின் பெயரைக் கண்டுபிடித்ததும் பாடம் முடிவதில்லை. யார் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்றும் கேட்டால்தான் பாட்டு விளங்கும்.

வேற்று மொழிக்காரர் என்று ஒரு சொல்லால் நம்மை ஒதுக்கினால் நமக்கு வலிக்கிறது. அந்த வலி தெரிந்த நம் வீடுகளில், வேலைக்கு வரும் அம்மாவையும் குப்பை எடுக்க வருபவரையும் என்ன சொல்லி அழைக்கிறோம்? பிள்ளைகள் முதலில் கற்கும் அணி இலக்கணம் அதுதான்.

பயிற்சி:
1. 'சேரி மனிதர்கள்' என்பதைச் சேர்த்துக்கொண்டு 'ஊர்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுக.
2. நீங்கள் கேட்ட ஒரு வசையில் உள்ள உவமையைக் கண்டறிக. அது செயலால் வந்ததா, வடிவத்தால் வந்ததா, நிறத்தால் வந்ததா?
3. நேராகச் சொல்ல அஞ்சும் ஒரு செய்தியைப் பிறிதுமொழிதலாக இரண்டு வரியில் எழுதுக.