பயிற்சி வகுப்புக்குப் போகும் தங்கச்சிக்கு: ‘கதவு’ கதையை வைத்து ஒரு பீரியட்

கண்ணு, ஓசூர் பக்கத்து அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி போட்டிருக்கிறார்கள், ஒன்பதாம் வகுப்பில் சமூக ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு கதை நடத்தப் போகிறேன் என்றாய். நல்ல காரியம். இந்தத் தலைப்பை எடுக்கிற பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கதையை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் இருக்கிற பிள்ளைகளைக் கதையாக்கிவிடுவார்கள். “உங்கள்ல யாரு வீடு ஷீட் போட்ட வீடு? கை தூக்குங்க” என்று ஒரு கேள்வி போதும். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்க, ஒரு பிள்ளை கூனிக் குறுகிவிடும். ஏழ்மை கதைக்குள்ளேயே இருக்கட்டும், விசாரணையும் அங்கேயே நடக்கட்டும். கீழே இருக்கும் யோசனைகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. ஒரே பீரியடில் முடிகிற கதையை எடு

நாவல் பகுதி எடுத்தால் முன்கதை சொல்லியே மணி அடித்துவிடும். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சின்னக் கதைதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு, அதுவும் புதிதாக உள்ளே வந்த டீச்சர் கையில், அது வேண்டாம். என் ஓட்டு கி. ராஜநாராயணனின் ‘கதவு’க்கு.

தீர்வை கட்டாத வீட்டின் கதவைத் தலையாரி வந்து கழற்றிக்கொண்டு போகிறார். அப்பா மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தகவல் இல்லை. கதவில்லாத வீட்டுக்குள் வாடை புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. அக்காவும் தம்பியுமாக லட்சுமியும் சீனிவாசனும் கடைசியில் அந்தக் கதவைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். கதை இவ்வளவுதான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் வளர்கிற பிள்ளைக்கு, கதவு இல்லாத வீடு என்றால் என்னவென்று நீ விளக்கவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். உருது பேசுகிறவர்களும் இருப்பார்கள். கி.ரா.வும் வீட்டில் தெலுங்கு பேசியவர்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1991-ல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார். இதை ஆசிரியர் குறிப்பாக ஒப்பிக்காதே. “வீட்டில் தெலுங்கு, எழுத்தில் தமிழ்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. யாருக்குப் போய்ச் சேரணுமோ அவர்களுக்குச் சேர்ந்துவிடும்.

2. பாடக்குறிப்பில் பெரிய வார்த்தை போடாதே

‘மாணவர்கள் சமத்துவத்தை உணர்வர்’ என்று எழுதினால் மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். உணர்ந்தார்களா என்பதை எதை வைத்து அளப்பது? ‘கதவு பறிபோனதற்கான காரணங்களைக் கதையிலிருந்து சான்று காட்டிக் கூறுவர்’, ‘ஒரு குடும்பத்தின் சார்பில் கோரிக்கை மனு எழுதுவர்’ என்று எழுது. இரண்டும் கண்ணால் பார்த்து மார்க் போடக்கூடியவை.

வழிகாட்டி ஆசிரியரிடம் முந்தின வாரமே கதையையும் கேள்விகளையும் காட்டிவிடு. விரிவானத்துக்கான பீரியடைக் கேள். கி.ரா. பாடநூலுக்குப் புதியவர் இல்லை. பத்தாம் வகுப்பு விரிவானத்தில் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதி வந்திருக்கிறது என்று சொன்னால், “சிலபஸில் இல்லாததை எதுக்கும்மா” என்ற பேச்சு எழாது.

3. “அப்பா எங்க வேலை?” என்று ஆரம்பிக்காதே

பிள்ளைகளோடு பழக எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஓசூரில் இதுதான் வகுப்பை இரண்டாக உடைக்கும். சிப்காட்டில் ஒரே கேட்டுக்குள் போகிற இரண்டு அப்பாக்களில் ஒருவர் பெர்மனென்ட், இன்னொருவர் கான்ட்ராக்ட். ஒருவருக்குப் போனஸ் வரும், மற்றவருக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்றே தெரியாது. அடுத்த பெஞ்சில் இருப்பது கல்குவாரிக் கூலியின் பிள்ளை, அதற்கடுத்து ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவரின் பிள்ளை, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் சொல்ல வைக்க வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்.

4. பி.பி.டி. வேண்டாம், ஒரு தீப்பெட்டி போதும்

கதையில் பிள்ளைகள் கதவில் தீப்பெட்டிப் படம் ஒட்டி வைத்திருப்பார்கள், அதில் ஏறி ஆடுவார்கள். ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கிழித்துக் கரும்பலகையில் ஒட்டு. “இதை உங்க வீட்டுல எங்க ஒட்டுவீங்க?” என்று கேள். ஆர்வமூட்டல் முடிந்தது. எந்த வீட்டுப் பிள்ளையும் கூச்சமில்லாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. பீரோவில் ஒட்டுவேன் என்பான் ஒருவன், தகரப் பெட்டியில் என்பாள் இன்னொருத்தி. இரண்டு பதிலுக்கும் ஒரே மாதிரி தலையாட்டு.

பிறகு கதையை நீயே வாய்விட்டுப் படி. மாறி மாறிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தால், தமிழ் திக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு இங்கே பிறமொழிப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள்தான், ஆனாலும் எல்லோருக்கும் ஒரே சரளம் இருக்காது. படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கதையை வீட்டு மொழியிலேயே சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் கொடு. சத்தம் வரும், வரட்டும். தமிழே இன்னும் பிடிபடாத பிள்ளை, கதவு இருந்தபோது வீடு, போன பிறகு வீடு என்று இரண்டு படம் வரையட்டும்.

5. “யார் கெட்டவன்?” என்பதைத் தாண்டி வா

வகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பாதி நேரத்தை இதற்கே வை. “கதவு ஏன் போச்சு?” என்று கேட்டால் முதலில் வருகிற பதில் “தலையாரிதான் டீச்சர் தூக்கிட்டுப் போனாரு.” அதைப் பலகையில் எழுது. அடுத்து, “கதவு தலையாரி வீட்டுக்கா போச்சு?” இல்லை. “அப்ப அவரை அனுப்பினது யாரு?” சர்க்கார். அதை மேலே எழுது. “எதுக்கு?” தீர்வை பாக்கி. “ஏன் பாக்கி?” கையில் காசில்லை, அப்பாவிடமிருந்தும் பணம் வரவில்லை. “அப்பா ஏன் ஊரை விட்டுப் போனாரு?” ஊரில் பிழைப்பில்லை. ஒவ்வொன்றையும் அம்புக்குறி போட்டு இணைத்துக்கொண்டே வா.

பலகை நிறைந்ததும் கடைசிக் கேள்வியைப் போடு: “அதே ஊர்ல தீர்வை பாக்கி இருந்தாலும் கதவு போகாத வீடு எது?” சட்டென்று பதில் வராது. நீ பதில் சொல்லிவிடாதே, பத்து எண்ணு. காசு இருக்கிற வீடு, கணக்குப்பிள்ளைக்கு வேண்டிய வீடு, கேள்வி கேட்கத் தெரிந்த வீடு என்று ஒவ்வொன்றாக வரும். தலையாரி மேல் இருந்த கோபம் ஏற்பாட்டின் மேல் திரும்புகிற நேரம் அது. ஒரு கெட்டவனைத் திட்டிவிட்டு எழுந்து போனால் பிள்ளைகள் கற்றது ஒன்றுமில்லை.

6. சாதிப் பேச்சு வந்தால் தடுமாறாதே

வரும். யாராவது ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொல்வான். கேட்காத மாதிரி இருப்பதும் தப்பு, வகுப்பையே நிறுத்தி நீதிபோதனை செய்வதும் தப்பு. “இந்த வகுப்புல கதையில வர்றவங்களைப் பத்தித்தான் பேசுறோம், பக்கத்துல இருக்கிறவங்களைப் பத்தி இல்ல” என்று ஆரம்பத்திலேயே பலகை ஓரம் எழுதிவிடு. அப்போது விரலால் அதைக் காட்டினால் போதும். சொன்னவனோடு பிறகு தனியாகப் பேசு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியதையடுத்து, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கை பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. பயிற்சிக்குப் போகும் முன் அதைப் பற்றிப் படித்துவிடு.

அதே வகுப்பில் சாதியைப் பற்றிப் பேச இன்னொரு பீரியட் கிடைத்தால் கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாற்றுக்குப் போ. பாவண்ணன் தமிழில் ‘ஊரும் சேரியும்’ என்று தந்திருக்கிறார். மாட்டுக்குப் பதில் இரண்டு ஆட்கள் நுகத்தடியில் பூட்டப்பட்டு ஏர் இழுப்பதையும், அதில் ஒருவர் தன் அப்பா என்பதையும் ஒரு சிறுவன் பார்க்கிற இடம் ஆரம்பத்திலேயே வரும். சித்தலிங்கையாவின் ஊர் மாகடிப் பக்கம், ஓசூரிலிருந்து தூரமில்லை. கன்னடம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் மூலத்தையே படிக்கச் சொல். ஆனால் முதல் வகுப்பிலேயே இதை எடுக்காதே.

7. மதிப்பீட்டுக்கு மனு எழுதச் சொல்

‘லட்சுமி இடத்தில் நீ இருந்தால்’ என்று கட்டுரை கேட்டால், முப்பது நோட்டிலும் கண்ணீர் ஒரே மாதிரி வழியும். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடு: அந்தக் குடும்பம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்க ஒரு மனு எழுதித் தா. அனுப்புநர், பெறுநர், பொருள், நடந்தது, கேட்பது. தேர்வில் வரும் கடிதப் பகுதிக்கும் இது பயிற்சி.

திருத்தும்போது ஒன்றைக் கவனி. “ஐயா, இரக்கம் காட்டுங்கள்” என்று எழுதிய பிள்ளையிடம், “கதவைக் கழற்ற அவங்களுக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டிருக்கியா?” என்று ஓரத்தில் எழுது. மறுநாள் திருத்தி எழுதித் தரட்டும். கெஞ்சுகிற மனு கேட்கிற மனுவாக மாறினால் உன் பாடம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

8. மணி அடித்த பிறகு

ஏதாவது ஒரு பிள்ளை வந்து நிற்கும். பள்ளியை விட்டு நிறுத்தப் போகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்று சொல்லலாம். “நான் பாத்துக்கறேன்” என்று வாக்குக் கொடுக்காதே, உன் பயிற்சி முடிந்தால் நீ போய்விடுவாய். வகுப்பாசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் அன்றே சொல். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், 14417 கல்வி உதவி எண்ணையும் எழுதிக் கொடு.

பிள்ளைகள் எழுதிய மனுக்களைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதே. பதிவேட்டுக்கு ஒன்றிரண்டு நகல் வேண்டுமென்றால், பெயரை மறைத்து, எழுதியவரிடம் கேட்டு எடுத்துக்கொள். மீதியைத் திருத்தி அவரவர் கையில் கொடுத்துவிடு. நாளைக்கு அவர்கள் வீட்டுக்கே ஒரு மனு எழுத வேண்டி வந்தால், பார்த்து எழுத அது இருக்கும்.