ஸ்பானிய நிபந்தனை வினையும் நமது ‘ஆல்’ ஈறும்

பார்சலோனா நகரில் வாழும் பழைய மாணவர் ஒருவருக்கு, நான் புதிதாகக் கற்ற ஸ்பானிய மொழியிலேயே கடிதம் எழுதினேன். ‘நேரம் கிடைத்தால் அங்கு வருவேன்’ என்பது என் கருத்து. ‘சி தெங்கோ தியெம்போ, இரே’ என எழுதிவிட்டேன். அவரோ எனக்கென ஓர் அறையை ஒழுங்குசெய்து, வரும் நாளைக் கேட்டு மறுமொழி விடுத்தார். எனக்கு ஆசை இருந்ததேயன்றி வசதி இருந்ததில்லை. பிழை எங்கே நேர்ந்தது?

தமிழிலே ‘நேரம் கிடைத்தால் வருவேன்’ என்னும் தொடர் நடக்கக்கூடியதற்கும் நடவாததற்கும் பொதுவாய் நிற்கும். சொல்வோர் குரலால் கேட்போர் பொருளை உணர்வர். ஸ்பானியம் அவ்வாறு மயங்க இடந்தராது. நடக்கலாம் எனின் எதிர்காலம்: ‘இரே’. நடவாது எனின், ‘சி துவியேரா தியெம்போ, இரீயா’. இந்த ‘இரீயா’வே நிபந்தனை வினை.

இதன் அமைப்பு மிக எளிது. ஆர், ஏர், ஈர் என முடியும் வினைப்பெயரைக் குறைக்காது வைத்து, அதன்மேல் ஈறு சேர்க்க. அப்லார் (பேசுதல்) என்பதைக் காண்போம்: நான் அப்லரீயா, நீ அப்லரீயாஸ், அவன் அப்லரீயா, நாம் அப்லரீயாமோஸ், நீங்கள் அப்லரீயாய்ஸ், அவர்கள் அப்லரீயான். கொமேர் (உண்ணுதல்) கொமெரீயா எனவும், விவீர் (வாழ்தல்) விவிரீயா எனவும் வரும். மூவகை வினைக்கும் ஈறு ஒன்றே. பிற காலங்களில் அடையாளந் தெரியாது திரியும் ஈர் (போதல்) என்னும் வினைகூட இங்கே அடங்கி நடக்கின்றது! தெனேர் முதலிய சிலவற்றில் அடி மட்டும் திரிந்து ‘தெந்த்ரீயா’ என வரும், ஈறு திரியாது. அபேர் என்னும் துணைவினையின் இறந்தகால வடிவம் தேய்ந்து ஒட்டியதே இவ்வீறு. ஆதலின் எல்லா வினைக்கும் பொதுவாயிற்று.

தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே வடிவமாதலால், ஐயம் நேருமிடத்து ‘யோ’ (நான்), ‘எல்’ (அவன்) என எழுவாயை வெளிப்படக் கூறுக. இன்னுமொன்று செவிக்குரியது. ‘கொமீயா’ எனின் உண்டுகொண்டிருந்தேன். ‘கொமெரீயா’ எனின் நிபந்தனை. இடையிலுள்ள ‘எர்’ ஒன்றே வேறுபாடு. விரைந்து பேசுவோரிடம் நான் இன்றும் இதிலே தடுமாறுகின்றேன்.

‘சி’யை அடுத்து இவ்வினை வரலாகாது. ஸ்பெயினின் வடபகுதியிற் சிலர் ‘சி தெந்த்ரீயா’ எனப் பேசுவதுண்டு. மாணவர் தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதற்க.

1847இல் இலக்கணநூல் வெளியிட்ட அந்திரேஸ் பெயோ, இதனை ‘இறந்தகாலத்தின் பின்னது’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். நிபந்தனை என்பதினும் அப்பெயரே எனக்கு உவப்பானது. ‘வருவேன் என்றான்’ என நாம் அவன் சொல்லை அப்படியே வைக்குமிடத்து, ஸ்பானியர் ‘தீஹோ கே இரீயா’ என்பர். அங்கே நிபந்தனை ஏது? ‘அப்பொழுது பத்து மணி இருக்கும்’ என்று ஊகித்துச் சொல்வதும் ‘செரீயான் லாஸ் தியெஸ்’ என இதே வினையால் அமையும். ஆயின், ‘சிறுவயதில் நாள்தோறும் நீந்துவோம்’ என வழக்கத்தைச் சொல்லும்போது இதனைத் தொடாதீர்கள். அதற்கு ‘நதாபாமோஸ்’ என்னும் இறந்தகாலமே உரியது.

பார்சலோனாவுக்குத் திருத்திய கடிதம் அனுப்பினேன். “அறை அப்படியே இருக்கும், ‘துவியேரா’வைத் ‘தெங்கோ’ ஆக்குவது தங்கள் பொறுப்பு” என அவர் எழுதியிருந்தார்.