பிறந்தவுடன் அழாத குழந்தை: முதல் நிமிடத்தில் நடப்பது என்ன?

பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்போர் எதிர்பார்ப்பது குழந்தையின் அழுகுரலைத்தான். அது கேட்காமல், தாயிடமும் காட்டாமல் குழந்தையை வெப்பமேடைக்கு எடுத்துச் சென்றால் உறவினர் பதறுவது இயல்பே.

கருவில் சிசுவின் நுரையீரல் திரவத்தால் நிறைந்திருக்கும். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகவே கிடைக்கும். பிறந்ததும் முதல் மூச்சுகள் அத்திரவத்தை விலக்கிக் காற்றுக்கு இடமளிக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்றுக்குச் சிறிது உதவி தேவைப்படும். மார்பை அழுத்தி, மருந்து செலுத்த வேண்டிய நிலைக்குச் செல்வோர் 100-இல் ஒருவருக்கும் குறைவே.

முதலில் உடலை ஈரமின்றித் துடைத்து, முதுகை மெல்லத் தேய்ப்பார்கள். அப்போதும் மூச்சு வராவிடில், முதல் நிமிடத்திற்குள்ளேயே முகமூடி பொருத்திய பையால் காற்றைச் செலுத்துவார்கள். நிமிடத்திற்கு 40 முதல் 60 முறை. பெரியவர்களுக்குப் பல நேரங்களில் இதயம் நின்று, பிறகு மூச்சு நிற்கிறது. சிசுவுக்கோ மூச்சின்மையால்தான் இதயம் தளர்கிறது. எனவே காற்றே முதல் மருந்து. நுரையீரல் விரிந்ததும் இதயத்துடிப்பு ஏறத் தொடங்குவதே நற்குறி. அழுகை சற்றுப் பின்னரே வரலாம்.

"ஆக்சிஜன் வைக்கவில்லையே?" என்று சிலர் வருந்திக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். முன்பு 100 சதவீத ஆக்சிஜன் தருவதே வழக்கமாக இருந்தது. தில்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வும், 1998-இல் வெளியான, 600-க்கும் மேற்பட்ட சிசுக்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வும், சாதாரணக் காற்று அதற்குச் சளைத்ததன்று என்று காட்டின. நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கி, தேவைக்கேற்ப ஆக்சிஜனைக் கூட்டுவதே இன்றைய முறை.

பழைய திரைப்படங்களில் வருவதுபோல் தலைகீழாகப் பிடித்து அடிப்பதும், குளிர்ந்த நீர் தெளிப்பதும் தீங்கானவை.

பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலும், சிசுவின் அசைவு குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வந்ததும் அதைச் செவிலியரிடம் கூறுங்கள். தில்லை நகர் வந்து சேருமுன் வழியிலேயே பிரசவம் நேர்ந்தால், குழந்தையைச் சுத்தமான துணியால் நன்கு துடைத்து, முதுகைத் தேய்த்து, தாயின் மார்போடு அணைத்து இருவரையும் போர்த்துங்கள். குளிப்பாட்ட வேண்டாம், தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியால் அறுக்க வேண்டாம். இதற்கிடையே உடனிருக்கும் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை மூச்சு விடவில்லையெனில், அதையே முதல் வார்த்தையாகச் சொல்லட்டும்.