பகலில் ஓடுது, ராத்திரி ஓடல

அத்திபெலே தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொடுப்பது என் தொழில். "கையால ஓட்டினா ஓடுது சார், ராத்திரி மட்டும் ஓடல" என்று யார் சொன்னாலும் ஸ்கிரிப்டை நான் உடனே திறப்பதில்லை. பகலில் நீங்கள் ஓட்டுகிறீர்கள், ராத்திரியில், குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாகத் தொடங்கும் கிரான் ஓட்டுகிறது. கோளாறு பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கும்.

நாம் லாகின் செய்ததும் புரொஃபைல் ஃபைல், பாத் முதற்கொண்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுகிறது. கிரான் அந்த ஃபைலைத் தொடுவதே இல்லை. கிரானின் பாத்தில் வழக்கமாக இரண்டு டைரக்டரிதான். ஷெல்லும் பெரும்பாலும் பாஷ் கிடையாது. சந்தேகம் வந்தால் கிரான்டேப்பில் தற்காலிகமாக ஒரு வரி சேருங்கள்: நிமிடத்துக்கு ஒருமுறை 'என்வி' கமாண்டை ஓட்டி ஒரு ஃபைலில் எழுதட்டும். அதை உங்கள் டெர்மினலில் வரும் 'என்வி'யோடு ஒப்பிட்டால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். பார்த்ததும் வரியை எடுத்துவிடுங்கள், மறந்தால் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

என்னிடம் வருகிறவர்களை அதிகம் அலையவிடுவது சதவீதக் குறி. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி வரவேண்டும் என்று 'டேட்' கமாண்டை கிரான்டேப்பிலேயே எழுதுவார்கள். அதில் % இருக்கும். கிரான்டேப்பில் % வந்தால் கமாண்ட் அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் அந்தக் கமாண்டுக்கு இன்புட்டாகப் போகும். முன்னால் ஒரு \ போட்டால் சரியாகிவிடும். தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிடுவது இன்னும் நல்லது.

எரர் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். கிரான் அதை மெயிலில் அனுப்பும்; மெயில் செட்டப் இல்லாத சர்வரில் அது காற்றோடு போகும். வெறும் > போட்டால் எரர் லாகில் விழாது, 2>&1 சேர்க்க வேண்டும். சிஸ்லாகில் கிரான் எழுதும் வரியை நம்பிவிடாதீர்கள். வேலையைத் தொடங்கியது என்றுதான் அது வழக்கமாகச் சொல்லும், முடித்தது என்று அல்ல.

அடுத்தது கடிகாரம். ஒரு டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் சொன்னார்: "தினமும் ஏழரை மணி ஆனா ஏழரைதான் சார், சிஸ்டம் இழுக்குது." கிளவுட் சர்வர் யுடிசி நேரத்தில் இருந்தது. ராத்திரி 2 மணிக்கென்று எழுதிய பேக்கப் நமக்குக் காலை 7.30-க்கு ஓடியது. ஓசூர்ப் பக்கம் எல்லை தாண்டும் லாரிகளுக்கு இன்வாய்ஸும் இ-வே பில்லும் அடிக்கிற நேரம் அது. வரியை 20.30 என்று மாற்றினோம். நமக்கு அது ராத்திரி 2 மணி.

பேக்கப் முடியாமல் இழுத்து, அடுத்த நாள் வேலையும் மேலே ஏறிக்கொண்டால் 'எஃப்லாக்' போடுங்கள். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கி அந்த நேரத்தில் மெஷினே அணைந்திருந்தால், கிரான் விட்டதைத் திரும்பப் பிடிக்காது. அதற்கு அனாக்ரான்.

டெபியன், உபுண்டுவில் தினசரி கிரான் டைரக்டரிக்குள் ஸ்கிரிப்டைப் போடுகிறவர்கள் ஃபைல் பெயரில் புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். '.எஸ்ஹெச்' என்று முடிந்தால் கிரான் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விடும். 'ரன்-பார்ட்ஸ்' கமாண்டை 'டெஸ்ட்' ஆப்ஷனோடு அந்த டைரக்டரிக்கு அடித்தால் எவையெல்லாம் ஓடும் என்று பட்டியல் வரும்.