பாட்டிக்குப் புரியாத செய்தி



ஆயுத பூஜை அன்று உங்கள் வீட்டுச் சாமி மேடையில் என்ன வைப்பீர்கள்? எங்கள் தாத்தா இருந்த காலத்தில் பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்களாம். இப்போது நான் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் வைக்கிறேன். (கேமரா கண்ணாடியில் படாமல் பார்த்து வைக்கணும், அது வேற கதை!) மறுநாள் துடைத்து எடுத்துவிட்டு வழக்கம்போல விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

ஒரு நாள் கும்பிட்ட கருவியை மற்ற 364 நாளும் எப்படிப் பயன்படுத்துகிறோம்? இந்தக் கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. நானே செய்த ஒரு தவற்றிலிருந்து வந்தது.

நடந்தது இதுதான்

ஹுத்தான் மெலிந்தாங்கில் எங்கள் கோயிலுக்கு ஒரு புலனக் குழு இருக்கிறது. நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தாலும், அறிவிப்பு போடும் வேலை என்னுடையது. போன ஆடித் திருவிழாவில் பால்குட ஊர்வலத்தை 9 மணியிலிருந்து 7.30-க்கு மாற்றினார்கள். முதல் நாள் இரவு நான் செய்தி போட்டேன். தமிழில்தான் போட்டேன், ஆனால் ஆங்கில எழுத்தில். நாம் எல்லாரும் அடிக்கிற மாதிரியே. பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வேலை முடிந்தது என்று தூங்கிவிட்டேன்.

மறுநாள் பாட்டி விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, குடத்தோடு எட்டரைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஊர்வலம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கூட இருக்கும் சித்திக்கு அன்றைக்கு இரவு வேலை. அதனால் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. பாட்டியைப் போல இன்னும் நாலு பெரியவர்கள் தாமதமாக வந்து நின்றார்களாம்.

பாட்டியிடம் கைப்பேசி இருக்கிறது. என் செய்தியும் அதற்குப் போயிருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர்; பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பார். "ஏன் பாட்டி, பார்க்கலையா?" என்று கேட்டேன். "பார்த்தேன்யா. இங்கிலீஷ்ல இருந்துச்சு. நமக்கு இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நமக்கு இல்லை" என்ற அந்த வார்த்தைதான் இன்னமும் உறுத்துகிறது. அவர் கட்டிக் காத்த கோயிலின் செய்தி, அவருடைய மொழியிலேயே எழுதியும், அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

நம் அப்பா அம்மா முதலில் வாங்கிய கைப்பேசிகளில் தமிழே கிடையாது. குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொண்ட ஒரு சின்னப் பெட்டி. அதில் ஆங்கில எழுத்து என்றால் 160 அடங்கும். தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வேண்டும். ஆகவே 70 தான் அடங்கும். அந்த 70-லும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. காசு கொடுத்து அனுப்பிய காலத்தில் ஆங்கில எழுத்தில் அடித்தது நியாயம்தான். ஆனால் அந்தக் காரணம் எப்போதோ போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

தடையை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் மலேசியர். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-லேயே 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதுதான் பிறகு 'முரசு அஞ்சல்' ஆனது. 2005 பொங்கல் சமயத்தில் அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியானது. கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்ப வழி பிறந்தது. 2013-ல் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 7-இல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வந்துவிட்டது. இன்று எந்தத் திறன்பேசியிலும் தமிழைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடந்தது. முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் கோணல் மாணலாகத் தெரியும். யூனிகோடு வந்த பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். 'அ'-வின் எண் 2949. ஹுத்தான் மெலிந்தாங்கில் அடித்தாலும் யாழ்ப்பாணத்தில் அடித்தாலும் அது 2949 தான். ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்தால் 'அறம்', 'அரம்' இரண்டும் ஒன்றாகிவிடும். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவதால் பிறகு தேடினாலும் கிடைக்காது.

கருவியைக் கையில் எடுத்தவர்

19-ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அச்சு எந்திரம்தான் புதுத் தொழில்நுட்பம். அதை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள். ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளியில் படித்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அச்சு என்ன செய்யும் என்பதை அருகில் இருந்து பார்த்தவர். அவர் எந்திரத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. 1849-ல் சென்னைக்குப் போய் ஓர் அச்சு எந்திரம் வாங்கி வந்தார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் அச்சிட்டார். பெரியபுராணத்தை எல்லாரும் படிக்கும்படி உரைநடையில் எழுதி 1852-ல் வெளியிட்டார். செய்யுள் தெரியாத சாதாரண ஆளும் நாயன்மார் கதையைப் படிக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நாவலர் புதுக் கருவியை வைத்து, வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்தார். நானோ அவருடையதைவிடப் பெரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பாட்டியை வெளியே நிறுத்திவிட்டேன்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், இன்றைக்கே கைப்பேசி அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேருங்கள். ஆங்கில எழுத்தில் பழகிய விரல் என்றால் 'அஞ்சல்' போன்ற ஒலிப்பு முறை சுலபம். ஆங்கிலத்தில் அடிக்கிற மாதிரியே அடித்தால் தமிழாக வரும். வேகம் வேண்டும் என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்பதில் 'ம' இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும்.

இரண்டாவது, கோயில், இயக்க அறிவிப்புகளைத் தமிழ் எழுத்தில் முதலில் போடுங்கள். எங்கள் குழுவிலேயே தேசியப் பள்ளியில் படித்த சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்களையும் வெளியே நிறுத்தக் கூடாது. ஆகவே கீழே மலாயிலும் போடுகிறேன். கூடுதலாக ஐந்து நிமிஷம் ஆகிறது, அவ்வளவுதான். 'குரல் பதிவு அனுப்பினால் போதாதா?' என்று கேட்கலாம். உதவும்தான். ஆனால் நூறு செய்திக்கு அடியில் போனால் யாராலும் தேடி எடுக்க முடியாது.

மூன்றாவது, எழுதுங்கள். வலைப்பூவோ முகநூலோ, எதுவானாலும் சரி. உங்கள் தோட்டத்துக் கோயிலில் முதலில் சூலம் நட்டது யார், லயன் வீடுகள் எங்கே இருந்தன, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குடும்பங்கள் எங்கே போயின என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. மாதம் ஒருவரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதினால் வருஷத்தில் பன்னிரண்டு பக்கம்.

ஆனால் இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். யாஹுவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளில் போயின. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் கரையான் தின்றது போக மிஞ்சியதுதான் நமக்குக் கிடைத்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஓலையானாலும் இணையமானாலும் படி எடுத்து வைத்தால்தான் நிற்கும். எழுதியதில் ஒரு பிரதியை அச்சிட்டுக் கோயில் அலுவலகத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. விடுமுறையில் போனபோது பாட்டியின் கைப்பேசியில், விரலால் எழுதினால் தமிழாக மாறும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து விடுதியில் எனக்கு ஒரு செய்தி வந்தது: "சாப்டியா". அதற்கு முன் பாட்டி எனக்கு ஒரு எழுத்துகூட அனுப்பியதில்லை. நான்தான் இத்தனை நாள் வழி விடவில்லை.

வகுப்பில் பேச:

1. நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்துச் செய்திகளில் எத்தனை தமிழ் எழுத்தில் இருந்தன?

2. உங்கள் கோயில் குழுவில் உள்ள பெரியவர்களில் யாருக்கெல்லாம் அறிவிப்புகள் புரிவதில்லை? கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

3. உங்கள் கோயிலின் வரலாற்றை இன்றைக்கு எழுத உட்கார்ந்தால், முதலில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அவருக்கு என்ன வயது?