ஒரு சாலை எத்தனை வண்டிகளைத் தாங்கும்?

சென்னை ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி என்ற இடம் உண்டு. நகரத்துக்கு வேண்டிய காய்கறிகள் நெடுங்காலம் அங்கேதான் மொத்த விலைக்கு விற்கப்பட்டன. குறுகலான தெருக்கள், லாரிகளும் கைவண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் அவற்றுக்குள்ளேயே வந்து போக வேண்டும். 1996-இல் அச்சந்தை கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் பாரிமுனைப் பகுதியிலிருந்து கோயம்பேட்டுக்கே வந்தது. பிறகு கோயம்பேட்டிலும் நெரிசல் மிகுந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது.

ஓர் இடத்தில் சந்தை வருகிறதா, பள்ளி வருகிறதா, வீடுகள் வருகின்றனவா என்பதைப் பொறுத்து அதன் முன்னுள்ள சாலையின் சுமை மாறுகிறது. கட்டடம் எழும்பிய பின் வருந்துவதைவிட முன்னதாகவே இதைக் கணக்கிட முடியுமா? முடியும். பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

மின்னோட்டத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கம்பியின் ஒரு குறுக்கு வெட்டை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதே அதன் அளவு. சாலையிலும் அப்படித்தான். ஒரு கிலோமீட்டரில் உள்ள வண்டிகளின் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கிடைக்கும். கிலோமீட்டருக்கு 50 வண்டிகள், வேகம் மணிக்கு 30 கி.மீ. என்றால் மணிக்கு 1500 வண்டிகள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வண்டிகள் நெருங்க நெருங்க ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். 1930-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையைத் தொடர்ச்சியாகப் படம் பிடித்து இந்தத் தொடர்பை அளந்தார். சாலை காலியாக இருந்தால் வேகம் உண்டு, வண்டிகள் இல்லை. முழுதும் அடைத்துக்கொண்டால் வண்டிகள் உண்டு, வேகம் இல்லை. இரண்டுக்கும் இடையே எங்கோ பெருக்குத்தொகை உச்சத்தை அடைகிறது. அந்த உச்சமே சாலையின் கொள்திறன்.

நம் சாலைகளில் எல்லாம் ஒரே வகை வண்டிகள் அல்லவே! ஆகவே ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறார்கள். இந்திய சாலைப் பேராயம் 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் மிகுந்துள்ள நகரச் சாலையில் அவை ஒவ்வொன்றும் 0.75 அலகு, ஆட்டோ ரிக்ஷாக்கள் மிகுந்திருந்தால் ஓர் ஆட்டோ 2 அலகு. (நடுச்சாலையில் படுத்து அசைபோடும் மாட்டுக்கு எத்தனை அலகு என்று அட்டவணையில் காணோம்.) இருதடச் சாலையில் இரு திசைக்கும் சேர்த்து மணிக்கு 1500 அலகு என்பது வடிவமைப்புக்கு அவ்வழிகாட்டி பரிந்துரைக்கும் அளவு.

இப்போது ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் இருதடச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட அனுமதி கேட்கிறார்கள். அதே சாலைதான் அரசு மருத்துவமனைக்கும் செல்கிறது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஏற்கெனவே மணிக்கு 1400 அலகு ஓடுகிறது. வரவேற்பு நாளில் ஆறிலிருந்து ஏழுக்குள் 160 மோட்டார் சைக்கிள்களும் 80 கார்களும் 25 ஆட்டோக்களும் கூடுதலாக வருகின்றன எனக் கொள்க. 120 + 80 + 50. ஆக 250 அலகு.

மொத்தம் 1650. சாலை விடுவது 1500 எனக் கொள்வோம். எனவே ஏழு மணிக்கு 150 அலகு தேங்கி நிற்கும். ஏழுக்குப் பிறகு விருந்தினர் வருகை நின்றுவிடுகிறது. மணிக்கு 1400 வருகிறது, 1500 போகிறது. தேக்கம் மணிக்கு நூறு வீதம்தான் கரையும். அது தீர எட்டரை மணியாகும். ஒரு மணி நேரத்து மிகைக்கு இரண்டரை மணி நேர நெரிசல்!

நேரத்தைக் கிடை அச்சிலும் தேக்கத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பு ½ × 2½ × 150 = 187.5. இத்தனை வண்டி-மணி நேரம் வீணாகிறது. ஏழு மணிக்கு வரிசையின் கடைசியில் சேருபவர் காத்திருப்பது ஆறு நிமிடம். ஆறுதானே என்று விருந்தினர் சொல்லலாம். ஆம்புலன்சுக்குள் இருப்பவர் சொல்லமாட்டார்.

இதே மண்டபம், இதே விருந்தினர், ஆனால் சாலையில் ஏற்கெனவே 1100 அலகுதான் ஓடுகிறது என்றால்? மொத்தம் 1350. தேக்கம் சிறிதும் இல்லை. 'எத்தனை பேர் வருவார்கள்?' என்று மட்டும் கேட்டு அனுமதி தருவது எவ்வளவு தவறு, பாருங்கள். அந்த மணி நேரத்தில் சாலையில் மிச்சம் எவ்வளவு என்றல்லவா கேட்க வேண்டும்! நாள் முழுவதற்குமான சராசரியும் இங்கே உதவாது. நள்ளிரவில் காலியாக இருக்கும் சாலை மாலை ஆறு மணிக்குக் கைகொடுக்காது.

இன்னும் ஒன்று உண்டு. பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். 1500 என்ற அளவு, ஓரத்தில் வண்டி நிற்காத, கட்டட வாயில்கள் நேராகத் திறக்காத சாலைக்கே உரியது. வாயில்கள் திறந்தால் அதே இருதடச் சாலைக்கு 1200. வண்டிகளும் நின்று, குறுக்கே செல்வோரும் மிகுந்தால் 900. மண்டபத்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை, வாயிலும் பெருஞ்சாலையிலேயே என்றால் 1200 கிடைப்பதே அரிது. அதையே வைத்துப் பார்ப்போம். ஏழு மணிக்குத் தேக்கம் 450. அதன்பின் 1400 வந்து 1200 போவதால் தேக்கம் கரைவதற்குப் பதில் வளர்கிறது. எட்டு மணிக்கு 650. ஓர் அலகுக்கு 7 மீட்டர் என்றால், ஒவ்வொரு திசையிலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரிசை. நடைமுறையில் வரிசை அவ்வளவு நீளாது. வண்டிகள் பக்கத்துச் சந்துகளில் புகுந்துவிடும். அதாவது நெரிசல் அடுத்த தெருவுக்குக் குடிபெயர்கிறது.

ஆகவே மண்டபம் வேண்டாம் என்பதல்ல. வாயிலைப் பக்கத் தெருவில் வைத்து, வண்டிகளை உள்ளேயே நிறுத்தச் செய்தால், மூன்றாவது கணக்கு முதல் கணக்காகிவிடும். கையெழுத்துக்கு முன் இதைக் கணக்கிட ஒரு தாள் போதும்.

உங்கள் பள்ளி முன்னுள்ள சாலையை நீங்களே அளந்து பார்க்கலாம். காலையில் பள்ளி தொடங்கும் நேரத்தில், மாடியிலோ நடைபாதையிலோ பத்திரமாக நின்று, 15 நிமிடம் கடக்கும் வண்டிகளை வகை பிரித்துக் கோடிட்டு எண்ணுங்கள். அலகாக்கி நான்கால் பெருக்குங்கள். ஓரத்தில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதையும் குறியுங்கள். பிறகு விடுமுறை நாளில் அதே நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களின் வித்தியாசத்தில் உங்கள் பள்ளியின் பங்கு எவ்வளவு, அன்று மூடியிருக்கும் அலுவலகங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழி உண்டா என யோசியுங்கள்.