பழைய காரில் ராலிக்குப் போக ஆசையா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!



ஞாயிற்றுக்கிழமை காலையில் பளபளன்னு துடைச்ச ஒரு பிரீமியர் பத்மினி, பின்னாடி ஒரு அம்பாசடர், அதுக்கும் பின்னாடி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு வரிசையா போனா, ரோட்ல நிக்கிற எல்லாருமே திரும்பிப் பார்ப்பாங்க. டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல் ஆரம்பிச்ச விண்டேஜ் கார் ராலி மாதிரி, இன்னைக்கு நம்ம நாட்டுல பல ஊர்கள்ல பழைய கார் ராலி நடக்குது. அதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்ததும் நம்மள்ல நிறைய பேர் செய்யற முதல் வேலை, போனை எடுத்து பழைய கார் விலையைத் தேடுறதுதான்.

ஆசை தப்பே இல்லைங்க. ஆனா அந்த ஆசையோட ஒரு வாக்கியம் ஒட்டிக்கிட்டே வரும்: "பழைய கார் விலை ஏறிக்கிட்டே போகும், இதுவும் ஒரு முதலீடுதானே?" இன்னைக்குப் பாடம் இந்த ஒரு வாக்கியத்தைப் பத்திதான்.

விண்டேஜ் வேற, பழைய கார் வேற

2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகள்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. அதன்படி 50 வருஷத்துக்கு மேல் ஆன, பெரிய மாற்றம் எதுவும் செய்யாம ஒரிஜினலா இருக்கிற கார், பைக்தான் 'விண்டேஜ்'. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னாடி 'விஏ' என்ற எழுத்துகள் வரும்.

இதுல ஒரு நிபந்தனை இருக்கு. இப்படிப் பதிவு செஞ்ச காரை ராலி, கண்காட்சி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுறது, ரிப்பேர் பார்க்கிறது மாதிரி வேலைகளுக்குத்தான் ரோட்ல எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. அதாவது இந்தக் கார் வந்தாலும், ஆபீஸ் போக இன்னொரு வண்டி வேணும்.

50 வருஷம் ஆகாத கார்னா சாதாரணப் பதிவுதான். 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட்ல வந்த திருத்தப்படி, 20 வருஷத்துக்கு மேல் ஆன காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் பழைய வண்டி விதிகள் தனி. கட்டணங்கள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

கார்த்திக்கோட கணக்கு

உதாரணத்துக்கு கார்த்திக்னு ஒருத்தரை வச்சுக்குவோம். சென்னையில் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 65,000 ரூபாய். 1985 மாடல் பத்மினி ஒண்ணு 3 லட்சத்துக்கு வருது. வருஷத்துக்கு 1,200 கிலோமீட்டர் ஓட்டுவார். புதுச்சேரி வரைக்கும் போய் வந்தாலே 300 கிலோமீட்டர் ஆயிடும், அதனால இது பெரிய தூரம் இல்லை.

ஒரு வருஷச் செலவு இப்படி இருக்கும்:

• மூன்றாம் நபர் காப்பீடு: 3,416 ரூபாய் (2022-ல் நிர்ணயிச்ச கட்டணம், பத்மினி 1,089 சிசி, அதனால 1,000 முதல் 1,500 சிசி பிரிவு)
• ஆர்.சி. கட்டணத்தில் ஒரு வருஷப் பங்கு: 2,000
• கூரை போட்ட பார்க்கிங், மாசம் 1,500 வீதம்: 18,000
• சர்வீஸ், கார்புரேட்டர், பிரேக் வேலை: 20,000
• டயர், பேட்டரிக்கு ஒதுக்கீடு: 8,000
• பெட்ரோல் 100 லிட்டர்: சுமார் 10,000
• நடுவழியில நின்னா டோ வண்டி, திடீர் ரிப்பேர்: 10,000

மொத்தம் 71,416 ரூபாய். காப்பீடும் ஆர்.சி.யும் தவிர மத்ததெல்லாம் நான் போட்ட தோராயம். உங்க ஊர் மெக்கானிக்கிட்ட கேட்டு நீங்க மாத்திக்கலாம்.

இதோட முடியல. அந்த 3 லட்சத்தை 7% எஃப்.டி.யில் போட்டிருந்தா வருஷம் 21,000 வந்திருக்கும். அதையும் சேர்த்தா 92,416. மாசத்துக்கு 7,700 ரூபாய், சம்பளத்துல கிட்டத்தட்ட 12%. ஒரு கிலோமீட்டருக்கு 77 ரூபாய்!

இவ்வளவு பழைய காருக்குப் பொதுவா வங்கியில கார் லோன் கிடைக்காது. அதனால பர்சனல் லோன் பக்கம் போவாங்க. 14% வட்டி, 3 வருஷம்னா மாசத் தவணை 10,253 ரூபாய். வட்டி மட்டுமே சுமார் 69,000.

விலை ஏறாதா?

சில கார்களுக்கு ஏறியிருக்கு. வருமான வரி வழக்கு ஒண்ணு இருக்கு. மும்பையில மாசச் சம்பளக்காரர் ஒருத்தர் 1931 மாடல் ஃபோர்டு டூரர் காரை 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில வருஷம் கழிச்சு 21 லட்சத்துக்கு வித்தார். நூறு மடங்குக்கு மேல!

ஆனா அது எண்ணிக்கையில ரொம்பக் குறைவா மிஞ்சியிருக்கிற கார். பத்மினி 2000-ஐ ஒட்டின வருஷங்கள் வரைக்கும், அம்பாசடர் 2014 வரைக்கும் தயாரிப்புல இருந்த வண்டிகள். அந்த ஃபோர்டை வச்சு நம்ம பத்மினிக்குக் கணக்குப் போடக் கூடாது. கார்த்திக் 5 வருஷம் வச்சிருந்து வித்தா, வாங்கின விலையும் ஓட்டின செலவும் மட்டும் திரும்பி வரவே 6.57 லட்சம் கிடைக்கணும். விலை இரண்டு மடங்குக்கு மேல ஏறினாத்தான் அசலே கையில நிக்கும்.

அந்த வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கு. நாம சொந்தமா பயன்படுத்துற கார் வரிச் சட்டப்படி 'மூலதனச் சொத்து' கிடையாது, அதனால வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. அவரும் அதைத்தான் சொன்னார். ஆனா அந்தக் காரை அவர் சொந்தமா ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு மும்பை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோத்துட்டார். 'ஓட்ட முடியும்' என்பது மட்டும் போதாது, உண்மையிலேயே ஓட்டியிருக்கணும்.

ஆக, விக்கிறதுக்குன்னு மூடி வச்சா வரியும் வரலாம், ஓடாம கிடக்கிற வண்டியும் கெட்டுப்போகும். எப்படிப் பார்த்தாலும் பழைய காரோட மதிப்பு ஓட்டுறதுலதான். சர்வீஸ் பில், ராலி நுழைவுச் சீட்டு, காப்பீட்டுத் தாள் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. விக்கிற நேரத்துல ஆடிட்டரைப் பாருங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம், ஆனா வரிசை மாறக் கூடாது.

1. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, மருத்துவக் காப்பீடு, டேர்ம் இன்ஷூரன்ஸ். இது மூணும் முதல்ல.
2. எஸ்.ஐ.பி.யை நிறுத்திக் கார் வாங்காதீங்க. கடன் வாங்கி வாங்கவே வாங்காதீங்க.
3. இப்பவே மாசம் 7,700 ரூபாயைத் தனிக் கணக்குல ஒரு வருஷம் போட்டுப் பாருங்க. கஷ்டமில்லாம முடிஞ்சா உங்க பட்ஜெட் தாங்கும். கையில 92,400 ரூபாயும் சேர்ந்திருக்கும்.
4. வாங்குற விலைக்கு மேல 25% தனியா வைங்க. முதல் வருஷ ரிப்பேர் அதுல போயிடும்.
5. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன காருக்கு முழுக் காப்பீடு எடுத்தா, மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். போட்டோ, பில் காட்டிப் பேசுங்க. விண்டேஜ் பதிவு இருந்தா மூன்றாம் நபர் பிரீமியத்துல 50% தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்க.

ராலிக்குக் கிளம்பும் முன்

டயர்ல பட்டன் நல்லா இருந்தாலும் ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2318-னா 2018-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. பழசா இருந்தா மாத்துங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல 20% எத்தனால் இருக்கு, அதனால பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் எல்லாத்தையும் பார்த்துடுங்க. ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயின்ட், கண்டென்சர் இதெல்லாம் ஒரு செட் டிக்கியில இருக்கட்டும். சில நூறு ரூபாய் சாமான், சில ஆயிரம் ரூபாய் டோ செலவை மிச்சம் பண்ணும். டிரம் பிரேக் வண்டி சட்டுன்னு நிக்காது, முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விட்டே ஓட்டுங்க.

பட்ஜெட் இப்போ தாங்கலைன்னா, தெரிஞ்சவங்க காரில் பக்கத்து சீட்ல உட்கார்ந்து வழி சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா பழைய ஸ்கூட்டர் ஒண்ணுல ஆரம்பிங்க. செலவு அதுல ஒரு பங்குதான்.

சுற்றுலாவுக்குச் செலவு பண்றப்போ "லாபம் எவ்வளவு"ன்னு நாம கேட்கிறதில்லை. இதுவும் அப்படித்தான். சந்தோஷச் செலவுன்னு பேர் வச்சு, அதுக்குத் தனியா பணம் சேர்த்து வாங்கினா, நடுரோட்ல கார் நின்னாலும் சிரிச்சுக்கிட்டே பானெட்டைத் திறக்கலாம். முதலீடுன்னு நினைச்சுக் கடன்ல வாங்கினா, ஒவ்வொரு ரிப்பேர் பில்லும் வயித்தைக் கலக்கும்.

உங்க கணக்குல ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வருதுன்னு இன்னைக்கே ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. அந்த நம்பரைப் பார்த்த பிறகும் ஆசை குறையலைன்னா, தாராளமா சேமிக்க ஆரம்பிங்க.